கட்டைவிரல் சோதனை

கலர் விளக்கை அணைச்சுட்டு
பக்கத் தகட்டைக் கழற்றுங்க, திம்மராஜ்.

ஓசூர், பாகலூர் ரோடு. வெளியே லாரி போகப் போக
அலமாரியில் கேபினட்டுகள் லேசாக நடுங்கின.
தட்டிப் பார்த்தேன்: கடலை எண்ணெய் டின்.
அரை மில்லி, அதற்கும் கொஞ்சம் கம்மி.
மூலையைப் பிடித்து முறுக்கினால்
முகம் கோணுகிறது.
தூசி வலையை உருவினேன்;
கிரானைட் அறுக்கும் ஊரில்
இது கொசுவைத்தான் தடுக்கும்.

"பெட்டிதானே மேடம், ஓடப்போறது உள்ள இருக்கிற சாமான்.
மூவாயிரத்து எண்ணூறுக்கு வேறென்ன வரும்?"

நாலாயிரத்துக்குள் கேட்டது நான்தான்.

உள்மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினேன்.
பிசிறு. ஒரு பொட்டு ரத்தம்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது,
மூன்றாவது திருகுத் துளைக்குப் பக்கத்தில்
அரிசி அளவு குழி.

எனக்குத் தெரியும் இந்தக் குழியை.
மார்ச் கடைசி, ராத்திரி ஷிப்ட்,
எண்ணிக்கைக்கு இன்னும் நாற்பது பாக்கி.
டை தேய்ந்தது சூப்பர்வைசருக்கும் தெரியும்.
பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன்,
யாரோ வாங்கப் போகிறார்கள் என்று.

விலை குறைக்கச் சொல்ல வாய் வரவில்லை.
"பில் போடுங்க."
அரம் வீட்டில் இருக்கிறது.