பதினாறு பாகை

பஞ்சிகாவத்தையில், ஹில்மியின் கராஜில்
கொளுக்கி பூட்டிய அன்று
வண்டி அப்படியேதான் இருந்தது.
ஆறு போல்ட், ஒரு சதுரக் குழாய்,
அதற்குள் செருகிய இரும்புக் கை,
கையின் நுனியில் தேசிக்காய் அளவில் ஓர் உருண்டை.

"வகுறு அதே உசரந்தான் மிஸ்.
வாலுதான் நீண்டிரிக்கி" என்றான்,
கிரீஸ் விரலைச் சாரத்தில் துடைத்தபடி.
காசை எண்ணிக் கொடுத்தேன்.
மழைக்கு முன் மருதானையைத் தாண்ட வேண்டும்.
வால் விஷயம் மண்டையில் ஏறவில்லை.

என் தொழில் மண்.
கொழும்பில் எவருக்காவது பதினெட்டு மாடி ஆசை வந்தால்
அவர்களுக்கு முன் நான் போய்த் துளையிட வேண்டும்.
துளைபொறி ட்ரெய்லரில் வரும்.
ட்ரெய்லர் கொளுக்கியில் வரும்.
கொளுக்கி
எந்தக் கண்ணாடியிலும் தெரியாத ஓரிடத்தில்
என் பின்னாலேயே வரும்.

கொலன்னாவையில் ட்ரெய்லரை வீதியோரம் கழற்றிவிட்டு
வழி பார்க்கச் சதுப்பில் இறங்கினோம், நானும் பெனடிக்டும்.
நடுவே ஒரு கான்.
ஆழமென்று சொல்ல முடியாது:
பாசி, இரண்டு யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு.
முன்சில்லு இறங்கி ஏறியது.
பிக்கப் மூக்கைத் தூக்கியது.
கரை போனது, புல் போனது, மதில் போனது,
முன்கண்ணாடி முழுக்க வானமும்
ஓரத்தில் தாமரைக் கோபுரத்தின் மொட்டும்.
அப்போது
முள்ளந்தண்டின் கடைசி எலும்பில் உதை விழுந்ததுபோல்
ஒரு சத்தம்.

தாண்டிவிட்டோம் என்று நினைத்த கரை
பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது.

பின்சில்லு சுழன்றது. சேறு பறந்தது.
வண்டியின் பாரம் சில்லில் இல்லை,
அந்தத் தேசிக்காயில் இருந்தது.
பெனடிக்ட் இறங்கிப் பார்த்தான்.
"அக்கா, நாங்க தொங்கிக்கொண்டு நிக்கிறம்."

குனிந்து ஊசியை இழுத்து
இரும்புக் கையை உருவினோம்.
கெஞ்சி, திட்டி, சம்மட்டியால் தட்டித்தான் வந்தது.
கை வந்தாலும் குழாய் போகவில்லை,
பம்பருக்குக் கீழே வாயைத் திறந்தபடி.
கொஞ்சம் பின்னே, கொஞ்சம் முன்னே,
இன்னும் கொஞ்சம் பின்னே,
தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டி
மூன்றாம் தரம் ஏறிவிட்டோம்.

சமதரையில் நிறுத்தி நூல் பிடித்தேன்,
பின்டயர் மண்ணைத் தொடும் இடத்திலிருந்து
வாலின் தாழ்ந்த நுனிவரை.
கையோடு பதினாறு பாகை.
கையில்லாமல் இருபது.
கொளுக்கியே இல்லாத காலத்தில் இருபத்தைந்து
என்கிறது வண்டியோடு வந்த புத்தகம்.
நடுவயிற்றின் உயரத்தில் ஒரு நூல் குறையவில்லை.
ஹில்மி பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் பெனடிக்ட் குழாய்க்குள் விரல் விட்டான்.
கரையைக் கடித்து நிறைந்திருந்தது அது.
தடியால் குத்தித் தள்ள
டெயில்கேட்டில் வந்து விழுந்தது
நாலு மூலையும் கூராக
ஒரு சதுர மண்.
மேலே செங்கல் தூள்.
நடுவே பொலித்தீன் இழை, கூந்தல்போல் நீளமாய்.
அடியில் கறுப்பு,
நுளம்பும் அழுகிய வேரும் மணக்கும் கறுப்பு.
ட்ரெய்லர் இன்னும் வீதியோரத்தில்.
நாங்கள் ஒரு துளையும் போடவில்லை.
காணிக்காரர் தந்த தாளில்
அங்கே கபுக் மண் என்று எழுதியிருந்தது.

ஹில்மிக்கு அடித்துச் சொன்னேன்.
"ரெண்டு அங்குலம் ஒசத்தி வெல்ட் பண்ணலாம் மிஸ்.
ஆனா ட்ரெய்லர் மூக்கு நிமிர்ந்துரும்,
பேஸ்லைன் ரோட்டுல பாம்பு மாதிரி ஆடும்."
இருக்கட்டும் என்றேன்.

இப்போது கையை உருவிச் சீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன்.
ஒவ்வொரு சந்தியிலும் உருண்டு கதவை இடிக்கிறது.
அந்த மண்ணைப் பையில் கட்டி
லேபிள் எழுத உட்கார்ந்தேன்.
இடம்: கொலன்னாவை.
நிறம்: கறுப்பு.
ஆழம் என்ற கோட்டில் பேனை நின்றது.
பதினாறு பாகை என்று எழுதினேன்.
ஆய்வுகூடத்துப் பிள்ளை
நாளைக்குக் கோல் எடுத்துக் கேட்கும்.