மலோனேட்

பேனா உறைந்துவிட்டது.
அக்குளில் வைத்துச் சூடேற்றி
மறுபடி எழுதுகிறேன்:
குளிர் நொதியைக் கொல்வதில்லை,
தூங்க வைக்கிறது.
கொல்வது வெப்பம்.

நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று பறிபோகும்.
போன வருடம் பறிபோனது.

கார்கிலில் ஜனவரி.
கணவாய் மூடிப் பதினேழு நாள்.
மாதிரி வினாத்தாள் கட்டு
சோனமர்க்கில் ஏதோ ஒரு லாரிக்குள்
பனியோடு கிடக்கிறது.

இருப்பது ஒரே அடுப்பு, சுற்றி ஒன்பது பேர்.
என் போர்வைக்குள் பத்தாவதாக
நாளைய ரொட்டிக்கு அம்மா பிசைந்த மாவு.
அதற்கும் சூடு வேண்டுமாம்.
இரவெல்லாம் மெல்ல உப்பி
சட்டியின் மூடி என் முட்டியை இடிக்கும்.
அதனிடம்தான் ஒப்பிக்கிறேன்:
சைமேஸ், இன்வர்டேஸ், மால்டேஸ்.
தெரியும், தெரியும் என்று
குமிழ் விடுகிறது.

கனீஸும் நானும் ஒரே பெஞ்சு.
ஒரே கறுப்புத் துணியில் வெட்டிய
இரண்டு ஸ்கார்ஃப்.
ஆறு வருடமும் ஆசிரியர்கள்
அவளை என் பெயரிலும் என்னை அவள் பெயரிலும்
திட்டினார்கள்.
இப்போது அவள் ஸ்ரீநகரில்.
வெள்ளைக் கோட்டோடு அனுப்பிய படத்தில்
முதலில் நெற்றி இறங்கியது.
சிரிப்பு வந்து சேர
இருபது நிமிடம்.

சக்சினேட் உட்கார வேண்டிய குழியில்
மலோனேட் வந்து உட்கார்ந்துவிடும்.
ஏறக்குறைய அதே உருவம்,
ஒரு கார்பன் குறைவு.
பெயர்: போட்டித் தடுப்பான்.

ஓரத்தில் பென்சிலால்
கனீஸ் என்று எழுதினேன்.
பிறகு அழித்தேன்.
ஒரு கார்பன் யாருக்குக் குறைந்ததென்று
பதினோரு மதிப்பெண்
நன்றாகவே சொல்லிவிட்டதே.

அடுத்த வரியை மூன்று தடவை படித்தேன்.
தளப்பொருளைக் கூட்டிக்கொண்டே போனால்
தடுப்பான் தோற்கும்.
உச்ச வேகம் மாறாது,
அதை எட்டத்தான்
இன்னும் நிறைய வேண்டும்.
இதில் நான் எந்தப் பக்கம் என்பது
பாடத்திட்டத்தில் இல்லை.

செய்தி தட்டினேன்:
நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டில்
நொதிப் பக்கம் கிழிந்திருக்கிறது கனீஸ்,
ஞாபகம் இருப்பதை எழுதிப் படமெடுத்து அனுப்பு.
ஒற்றை டிக்.
இன்னும் போகவில்லை.

விடிவதற்குள் அம்மா வந்து
சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.
போர்வையில் அது இருந்த குழி
வட்டமாக, கதகதப்பாக, காலியாக இருந்தது.
இரண்டு காலையும் அதில் நுழைத்துக்கொண்டு
முதல் வரியிலிருந்து மறுபடி
ஆரம்பித்தேன்.