மலைக்கு உத்தரவாதம் இல்லை

ஜீப்புக்கு உண்டு, அறைக்கு உண்டு,
வெந்நீருக்குக்கூட ஓரளவு உண்டு,
மலைக்கு உத்தரவாதம் இல்லை என்றார்
மஸ்ஜித் இந்தியாவில் மாடிப்படிக்குக் கீழே
மேசை போட்டிருக்கும் டிராவல்ஸ்காரர்.
பனி மூடினால் பணம் திரும்பாது.
லோகநாயகி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்,
சிவப்பு மசியில்.

செந்தூல் ஃபிளாட், பதினோராம் மாடி.
இரவு பத்தரை. காற்றாடி மூன்றில் ஓடுகிறது.
காஞ்சன்ஜங்காவுக்கு மொத்தம்
ஒன்பதாயிரத்து நானூறு ரிங்கிட்.
என் ஓவர்டைம், அவளுடைய கூட்டுப் பணம்,
இனி கட்டத் தேவையில்லாத
கிளினிக் தவணை.

அந்த மலையை முதலில் பார்த்தது
அங்கேதான், ஜாலான் ஈப்போ கிளினிக்கின் நாட்காட்டியில்.
இரண்டு வருஷம் அதன் கீழே உட்கார்ந்திருந்தோம்
எண் கூப்பிடும்வரை.
மாதங்கள் போகும், யாரும் தாளைக் கிழிப்பதில்லை.
அந்தச் சுவரில் எப்போதும் அக்டோபர்,
எப்போதும் விடியல்.
மாசியோடு போவதை நிறுத்திக்கொண்டோம்.

"எதுவும் கேட்கப் போகல" என்றாள்.
"சாமின்னா கேட்டே ஆகணுமா?
பார்த்துட்டு வந்துருவோம்."

அங்கே ஐந்தே முக்காலுக்கு உதயம்,
மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும்.
இந்த ஊர்ச் சூரியனுக்கு ஏழு மணி ஆகிவிடும்,
பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே வேன் ஏறிப்போவார்கள்.
விரல்விட்டு எண்ணினாள்:
அங்கே விடியும்போது இங்கே எட்டேகால்.
"அப்போ நாம துணி காயப்போட்ட வெயில்தான்
மலைக்குப் போகுது."

குளிர்தான் பயம்.
அவளுக்குத் தெரிந்த குளிரெல்லாம்
பேங்க் ஏர்கோன்.
பண்டல் கடையில் இருபத்தைந்து ரிங்கிட்டுக்கு
யாரோ ஒரு கொரியாக்காரியின் பெயர் தைத்த கோட்டு.
ஞாயிறன்று, முதலாளி இல்லாத நேரம்,
ஒத்திகைக்கு அழைத்துப்போனேன்
செலாயாங் மொத்தச் சந்தைக்கு,
நான் வேலை செய்யும் குளிர்க்கிடங்குக்கு.
மைனஸ் பதினெட்டு.

உள்ளே போனதும் அவள் மூச்சு
வெளியே வந்து முகத்துக்கு முன்னால் நின்றது.
வவ்வால் மீன் பெட்டிகளுக்கு நடுவே
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தான் மணிராஜ் லிம்பு.
மூன்று வருஷம் ஒரே ஷிஃப்டு.
அவன் நேப்பாளி என்பதுவரை தெரியும்,
அதற்குமேல் நான் கேட்டதில்லை.
எங்கள் சந்தை மலாயில் கேட்டான்,
"அக்கா எந்த ஊருக்கு?"

கையுறையோடு நோட்டின் பக்கத்தைத் திருப்ப முடியாமல்
திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.
"இது எங்க மலை.
மாட்டுக்கொட்டகையில நின்னா தெரியும்.
உச்சியில யாரும் மிதிக்கக் கூடாது.
ஏறினவங்களும் கொஞ்சம் கீழேயே நின்னு
திரும்பிடுவாங்க."
லோகா எழுதப் போனாள்.
மசி உறைந்திருந்தது.

"ஆனா நீங்க அந்தப் பக்கம் போறீங்க.
எங்க பக்கம் காலையில அது வெறும் கறுப்பு.
சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும்.
நாங்க நிமிர்ந்தே பார்க்கமாட்டோம், பால் கறக்கணும்.
சாயங்காலம்தான் சிவக்கும்."

எப்போது கடைசியாகப் பார்த்தாய் என்றேன்.
ஆறு என்று விரல் காட்டினான்.
மாதமா என்றாள் இவள்.
அவன் போய் வண்டியில் ஏறிக்கொண்டான்,
பின்னால் எடுக்கும்போது அடிக்கும் பீப் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

வீட்டுக்கு வந்தும் கோட்டைக் கழற்றவில்லை.
"அந்தப் பக்கம் போக எவ்வளவு ஆகும்?"
தெரியாது. பஸ் இருக்கும், நடை இருக்கும்,
இன்னும் அஞ்சு நாள் லீவு,
முதலாளி தரமாட்டார்.
ஒன்பதாயிரத்து நானூறை அடித்தாள்.
உதயம் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே
அஸ்தமனம்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒத்திகைக்கு வைத்த அலாரத்தை மறந்துவிட்டோம்.
மூன்றரைக்கு அடித்தது.
இருவருமே தூங்கவில்லை,
இருவருமே அணைக்கவில்லை.
கீழ்வீட்டு மிஸ்டர் பூன்
துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டினார்,
எங்கள் தரையை.