வெள்ளி முளைக்காத விடியல்

அபியா துறைமுகத்துக்கு எதிரே, டயர் கடை மாடியில்
படம் அச்சடித்துத் தருகிறேன்.
கொஞ்ச நாளாய்த்
தேதியும் திருத்தித் தருகிறேன்.

பேட்டரி செத்த கேமராவுக்கு
எல்லாக் கல்யாணமும்
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
லாஸ் ஏஞ்சல்ஸில் வாங்கி
நேரம் மாற்றாமல் கொண்டுவந்தால்
இன்று காலை ஜெபம்
நேற்று நண்பகலில் நடக்கும்.
இதெல்லாம் சில்லறைப் பிழை.

போன செவ்வாய் ஓலிபா வந்தாள்,
பின்னால் அவள் மகன், பதின்மூன்று வயது வெட்கத்தோடு.
பென்டிரைவை மேசையில் வைத்து
"இவன் பிறந்த நாளைக் கண்டுபிடி" என்றாள்,
தொலைந்த பன்றிக்குட்டியைச் சொல்வது போல.

திறந்தேன்.
படத்துக்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத அறையில்
தேதிகள் குடியிருக்கின்றன.
மாற்றிய தேதி:
அவள் தங்கை பழைய மடிக்கணினியிலிருந்து
கோப்புகளை இறக்கிய ஒரு மழை நாள். அதை விடு.
நேர மண்டலம்: காலி.
எந்த ஊர் நேரமென்று
அந்தக் கேமரா யாரிடமும் சொன்னதில்லை.
எடுத்த தேதி:
2011 டிசம்பர் 30, காலை 6.41.

"அப்படி ஒரு நாளே இல்லையே."

வியாழன் படுத்துச் சனி எழுந்தோம் அந்த வருடம்.
தேதிக்கோட்டை நாட்டுக்கு மறுபுறம் தள்ளி வரைந்தார்கள்;
வெள்ளி முளைக்காமலே விடிந்தது.
வேலை செய்யாத அந்த வெள்ளிக்குக் கூலி வந்தது,
வேறொன்றும் வரவில்லை.
கேமராவுக்கு இது தெரியாது.
தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயிருக்கிறது.

பையன் முகம் மலர்ந்தது.
"அப்போ நான் இல்லாத நாளில் பிறந்தவன்!"
பள்ளியில் இதை ஏற்கெனவே
விற்றுத் தீர்த்திருப்பான் போல.
பேரும் ஃபெட்டூ.
எங்கள் பேச்சில் விண்மீன்.

படத்தைப் பெரிதாக்கினேன்.
மங்கல் வெளிச்சம், நர்ஸின் முழங்கை,
துணிச்சுருளுக்குள் கோபமாய் ஒரு மூக்கு.
மூலையில் ஆஸ்பத்திரிச் சுவர்க்கடிகாரம்:
ஆறு ஐம்பத்திரண்டு.

"ஒரு நாளும் பதினொரு நிமிடமும் பின்தங்கியிருக்கிறது" என்றேன்.
"நாள், அரசாங்கம் செய்தது.
நிமிடம், கேமராக்காரர் செய்தது. யார் அது?"

"லெயாடாவா."
கொஞ்சம் சிரித்தாள்.
"கடையில் வாங்கின அன்றே
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தார்.
கோயிலுக்குப் பதினொன்று, பஸ்ஸுக்குப் பதினொன்று,
எங்கள் கல்யாணத்துக்கும் பதினொன்று.
கடைசியில் ஆஸ்பத்திரிக்கு மட்டும்
முந்திப் போனார்."

டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருமுறை கூட்டினால் போதும்,
இருபத்துநான்கு மணி, பதினொரு நிமிடம்.
விரலை விசையில் வைத்துக் காத்திருந்தேன்.

"நாளை மாற்று.
பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்கிறார்கள்.
நிமிடத்தை விட்டுவிடு."

டிசம்பர் 31, காலை 6.41.
இரண்டு பிரதி. ஆறு தாலா.
இருந்த ஒரே பெருமையைப் பறித்தவனைப் பார்ப்பது போல்
பையன் என்னைப் பார்த்துக்கொண்டே
படி இறங்கினான்.