இன்னொரு தரம்

மாலை ஆறரை, ஆய்சேன் வானொலி.
நில்டா பார்ரியா ஒவ்வொரு சேதியையும்
இரண்டு தரம் வாசிப்பாள்.
"சொன்னதையே சொன்னால்
விளம்பரத்துக்கு எங்கே இடம்?"
தலைநகரிலிருந்து வந்த மேலாளர் கேட்கிறார்.
அவர் இந்தக் காற்றை இன்னும் கேட்கவில்லை.

"மேல் ஆற்றங்கரை எலியூத்தேரியோ மன்சீயாவுக்கு:
தங்கை டெல்மீரா காலமானாள். சனிக்கிழமை அடக்கம்."
தண்ணீர் ஒரு மிடறு.
"மேல் ஆற்றங்கரை எலியூத்தேரியோ…"

அவன் பேட்டரி செவ்வாயன்றே தீர்ந்திருந்தது.

இருட்டியபின் வேலியருகே முதல் குதிரை.
"உன் பெயர் வந்தது.
மீதியைக் காற்று தின்றுவிட்டது."

அடுத்து ரொசால்பா, கழுதையில், மூச்சிரைக்க:
"சனிக்கிழமை அடக்கமாம்.
யாருக்கென்று… இரண்டு தரமும் கொரகொர."

அவன் எழுந்துபோய்ச் சேணத்தை எடுத்தான்.
எந்தத் தங்கை என்று கேட்கவில்லை;
மூன்று பேர் இருந்தார்கள்.

கடைசியாகப் படகோட்டி.
இரண்டு தரமும் தெளிவாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.
தொப்பியைக் கழற்றிவிட்டு முழுசாகச் சொன்னான்,
ஒரு சொல் விடாமல்.

வாரை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னொரு தரம் சொல்லு" என்றான் எலியூத்தேரியோ.