பதினோராம் நாள்

நான் மருத்துவர் இல்லை.
தொலைபேசியில் முதலில் அதைத்தான் சொல்வேன்.
புந்தா அரேனாஸ் துறைமுகத்தில்
இருபத்தாறு வருடம் சுங்க எழுத்தர்.
அரசாங்க மொழி எனக்குப் பழகிய நாய்,
கடிக்காது.

என் ரத்தத்திலும் ஒரு நோய் படுத்திருக்கிறது
தினம் ஒரு மாத்திரைக்குக் கட்டுப்பட்டு.
அதனால்தான் இந்த நோட்டு:
எந்தப் புற்றுக்கு எந்த மருந்து,
எந்த மாதம் கையெழுத்தானது,
யாரிடம் சொல்லியாயிற்று, யாரிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அழைப்பேன்.
நத்தாலெஸில் பேருந்து ஓட்டும் எவாரிஸ்தோ,
பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ஒதிலியா,
ஜலசந்திக்கு அக்கரையில், போர்வெனீரில்
ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்த ரதோமீர்.
அவருக்கு எலும்பு மஜ்ஜையில்.
மூன்று மருந்து பார்த்தாயிற்று.
மூன்றும் கொஞ்ச நாள் கேட்டு, பிறகு கேட்காமல் போனது.

நாலாவதற்கு அனுமதி கிடைத்த செய்தி
நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.
ஒன்பது பக்கம். இரண்டு முறை படித்தேன்.
அவர் நோய்க்கேதான்,
மூன்றும் கைவிட்டவர்களுக்கு என்றே எழுதியிருந்தது.

அழைக்கவில்லை.

அனுமதிக்கும் கைக்கு வருவதற்கும் நடுவே
எத்தனை முத்திரை என்று எனக்கல்லவா தெரியும்.
விலை தெரியட்டும்.
காப்பீடு தருமா என்று தெரியட்டும்.
ஆசை காட்டி மோசம் செய்தவள் ஆகிவிடக்கூடாது.
இப்படியே ஒரு செவ்வாய் போனது.

பதினோராம் நாள் சொன்னேன்.
விலையையும் சொன்னேன்,
வாய்க்குள் கூழாங்கல் வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

அக்கரையில் காற்று மட்டும் கேட்டது.
படகு இரண்டு நாளாக ஓடவில்லை.
பிறகு அவர்:
"என்றைக்கு வந்தது?"
சொன்னேன்.
"அதற்கடுத்த திங்கள்
சவப்பெட்டிக்கு முன்பணம் கொடுத்தேன், செனோரா.
லெங்கா மரம். மலிவுதான்.
விலையைக் கேட்டுப் பயப்படுவது என் பாடு.
அதையும் நீங்களே எடுத்துக்கொண்டால்
எனக்கு என்ன மிச்சம்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.
"படியுங்கள். கெட்டதிலிருந்து தொடங்குங்கள்."

படித்தேன்.
காய்ச்சல் வரலாம்.
தெரிந்த சொல் நாக்கில் வராமல் நிற்கலாம்.
கையெழுத்து கோணலாகலாம்.
முதல் ஊசிகளுக்கு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும்,
அது இங்கே இல்லை, தலைநகரில்.
நூறில் அறுபது பேருக்குக் கேட்டிருக்கிறது.
"மீதி நாற்பது?"
அதையும் சொன்னேன்.

"கையெழுத்து எப்போதும் கோணல்தான்" என்றார்.

பென்சில் தேடும் சத்தம்.
மனைவி தோமினிகா ரேடியோவை அணைத்தாள்.
பன்னிரண்டு எழுத்து,
யாரும் பிள்ளைக்கு வைக்க மாட்டாத பெயர்.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்:
ஏமே. ஓ. ஸெத்தா.

தொடர்பு அறுந்தது.

ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில்
காற்று நாட்களுக்கென்று கட்டிய கயிறு.
தொப்பியைப் பல்லில் கடித்தபடி ஒருவர்
இரு கையாலும் அதைப் பிடித்துத் தெருவைக் கடக்கிறார்.
நோட்டில் அவர் பெயருக்கு நேரே
சொல்லியாயிற்று என்று எழுதப்போய்
எழுதாமல் வைத்திருந்தேன்.

மணி அடித்தது.
வணக்கம் இல்லை, கோபம் இல்லை.
"எந்த எழுத்தில் விட்டோம்?"