அறுபது நிமிடம்

முதல் இரவு நாங்கள் தூங்கியதைத்
தூக்கம் என்று சொல்ல முடியாது.
கட்டில் கம்பியில் டொக்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி டொக்.
யாரோ வீடு மாறி வந்து
மரியாதையாகக் கதவைத் தட்டுவது போல.

ஃபென்யாவுக்கு ஆறு மாதம்.
பிறந்த நாளிலிருந்து ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்தாள்.
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தின் விளக்குகள்
இரவெல்லாம் அங்கே விழித்திருக்கும்.
வலது பின்மண்டை தட்டையாகிவிட்டது.
பதினான்கு மில்லிமீட்டர் கோணல் என்று
அளந்து சொன்னார் பிரிங்க்மன் அம்மாள்.
வெள்ளைத் தலைக்கவசம்,
நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம்.
கழற்றும் நேரத்தைக் குறித்து வைக்க
ஒரு நோட்டுப் புத்தகமும் தந்தார்.

நான் பாரந்தூக்கி ஓட்டுபவன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
முப்பது டன் பெட்டியை
லாரியின் மேல் பூப்போல வைப்பேன்.
ஏழு கிலோவை
மெத்தையில் இறக்கத்தான் கை வரவில்லை.
முதலில் கால், பிறகு இடுப்பு,
கடைசியாகத் தலை.
டொக்.
கண் திறந்துவிடும்.

முன்பெல்லாம் நெற்றியைத் தடவினால் போதும்.
இப்போது அங்கே பிளாஸ்டிக்.
தலையைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தேன்,
மரத்துப்போனது என் கை.
தம்மோவுக்கு நான்கு வயது.
காது ஓட்டைக்குள் வாயை வைத்து
"தூங்கு" என்று உத்தரவிட்டான்.
அவள் சிரித்தாள், அதுவும் நடுராத்திரியில்.
மறுநாள் கவசத்தின் மேல்
மண் அள்ளும் இயந்திரத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

தோளில் சாய்த்தே தூங்க வைத்ததில்
வீப்கவின் கழுத்தெலும்பில் நீலம் கட்டிவிட்டது.
மருந்துக்கடைப் பெண் அந்த நீலத்தைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.

ஜனவரியில் ஹீட்டரை அணைத்தோம்.
அவளுக்கு மெல்லிய பருத்திச் சட்டை,
எங்களுக்கு இரண்டிரண்டு ஸ்வெட்டர்.
அப்படியும் கவசத்துக்குள் வியர்த்து
பழைய பாலாடைக்கட்டி வாசனை.
பத்தாவது இரவோ பன்னிரண்டாவதோ,
வீப்கதான் கண்டுபிடித்தாள்.
இரு புருவத்துக்கும் நடுவே
ஒரு கட்டைவிரல் அளவுக்கு இடம் மிச்சமிருக்கிறது.
அங்கிருந்து மூக்கு நுனிவரை,
மேலிருந்து கீழாக மட்டும்.
நாற்பது தடவை.
சில நாள் நூறு.

மாலை ஆறு முதல் ஏழு வரை வெறுந்தலை.
குளியல், துடைப்பு, சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பது,
பிறகு என் நெஞ்சின் மேல்.
ஆறே முக்காலுக்குத் தூங்கிவிடுவாள்,
சத்தமில்லாமல், தேய்ப்பில்லாமல்,
ஈரமுடி என் தாடையில் ஒட்ட.
ஏழு அடிக்கும்.
எழுப்பிக் கவசம் மாட்ட வேண்டும்.
ஏழு பத்து.
ஏழு பதினெட்டு.
மில்லிமீட்டர்களை நினைத்துக்கொண்டே
அசையாமல் கிடப்பேன்.
பிறகு நோட்டில் எழுதுவேன்: 60.

எனக்கு மாலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில்
வீப்கவின் சாய்ந்த கையெழுத்து.
60. 60. 60.
என்னைப் போல இல்லை, அவள் ஒழுங்கானவள்.

ஒரு வியாழக்கிழமை காற்று மிஞ்சிவிட்டது,
பாரந்தூக்கிகளை நிறுத்திவிட்டார்கள்.
வீட்டுக்கு வந்தபோது ஏழு இருபது.
சமையலறையில் விளக்கில்லை.
கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது:
நாற்காலியில் வீப்க,
அவள் மடியில் கவசமில்லாத தலை,
அந்தத் தட்டையான பக்கத்தின் மேல்
அவளுடைய மூக்கு.
மேசையில் வெள்ளைக் கவசம்
கவிழ்த்த கிண்ணம் போல.

வந்த வழியே இறங்கி
மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
என் மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.
கீழ்வீட்டுக்காரர் குப்பையோடு போனார்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு முப்பத்தொன்று இருக்கும்,
வெல்க்ரோ பட்டை இழுபடும் சத்தம்.
கொஞ்சம் அழுகை.
பத்து வரை எண்ணிவிட்டுச்
சாவியை வேண்டுமென்றே சத்தமாகத் திருப்பினேன்.

நோட்டில் மை இன்னும் மினுங்கியது: 60.

"காற்று பலம்" என்றேன்.
"ஆமாம்" என்றாள்,
கட்டைவிரலைப் புருவ நடுவிலிருந்து எடுக்காமல்.